நேற்றைய கொங்கிறீற்று

அனல்மின் நிலையங்களின் அருகே, அடி அகன்று இடை சிறுத்து நிற்கும் குளிராக்கற் கோபுரங்களைப் படத்திலேனும் காணாதார் சிலரே. நீராவியை ஒடுக்கியதாற் சூடேறிய நீர் அவற்றினுள் மழைபோற் சிந்தி, கீழிருந்து மேலெழும் காற்றினாற் குளிர்ந்து மீள்கின்றது. 1918ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் எம்மா நிலக்கரிச் சுரங்கத்தில் வான் இற்றேர்சன், கைபர்ஸ் என்னும் பொறியியலாளர் இருவர் இவ்வதிபரவளைவு வடிவத்துக்கு உருக்கொடுத்தனர். மெல்லிய சுவரே பேருயரத்துக்கு எழ முடிவது அதன் சிறப்பாகும். 1965 நவம்பர் 1ஆந் திகதி இங்கிலாந்தின் பெரிபிரிட்ஜிற் கடுங்காற்றில் வீழ்ந்த மூன்று கோபுரங்களும் 375 அடி உயரமானவை. அவற்றின் சுவரோ பெரும்பகுதியில் 5 அங்குலத் தடிப்பே உடையது.

இவ்வடிவத்தின் நேர்த்தி பற்றிப் பொறியியல் நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. அதன் விளிம்பில் நின்று அதனை உயர்த்தும் தொழிலாளியைப் பற்றி அவை பேசுவது அருமை. ‘றிகர்’ என வழங்கப்பெறும் இவன் செய்வது பாரந்தூக்கும் வேலை என ஒரு சொல்லிற் கூறிவிடலாம். ஆயினும் அவ்வேலை தோள்வலியிலும் பார்க்கக் கணிப்பையே பெரிதும் வேண்டிநிற்பது. பாரத்தின் நிறை யாது, அதன் புவியீர்ப்பு மையம் எங்குள்ளது, கம்பிவடத்தில் எத்தனை இழைகள் அறுந்துள்ளன என்பனவற்றை அவன் கண்ணாலும் கையாலும் அறிதல் வேண்டும். இரு வடங்களாற் பிணித்துத் தூக்கும்போது, அவை கிடையுடன் 30 பாகைச் சாய்வில் அமையுமாயின், ஒவ்வொரு வடமும் முழுப் பாரத்துக்குச் சமமான இழுவையைத் தாங்க நேரும். விசை இணைகரத்தைப் பல்கலைக்கழக மாணவன் கரும்பலகையிற் கற்கிறான். றிகர் அதனைத் தன் தலைக்கு மேல் தொங்கக் கண்டு கற்கிறான்.

கோபுர வேலையில் இன்னொன்றும் உண்டு. சாதாரணக் கட்டடத்திற் சாரம் நிலத்தில் ஊன்றி நிற்கும். கோபுரச் சாரமோ பெரும்பாலும் நிலத்தைத் தொடுவதில்லை. முன்னர் வார்த்த சுவரிலேயே மரையாணிகளாற் பூட்டப்பட்டு, சுவர் உயர உயர அதுவும் உயரும். பாரந்தூக்கும் பொறிகளின் சுமையும் ஈற்றில் அச்சுவரையே சேரும். ஆகவே றிகர் தான் சோதித்த வடத்தை மட்டுமன்றி, தான் சோதியாத கொங்கிறீற்றையும் நம்பியே மேலே நிற்கிறான்.

1978 ஏப்ரல் 27ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில், ஒகாயோ ஆற்றங்கரையிலுள்ள வில்லோ ஐலண்ட் என்னுமிடத்தில் அந்நம்பிக்கை பொய்த்தது. அங்கு எழுந்துகொண்டிருந்த இரண்டாவது கோபுரம் 166 அடியை எட்டியிருந்தது. நாளுக்கு 5 அடி உயரமான ஒரு வளையம் என்ற கணக்கில் வேலை நடைபெற்றது. இருபத்தெட்டாம் வளையம் முந்திய நாளே வார்க்கப்பட்டது. மறுநாட் காலை பத்து மணியளவில், அடுத்த வளையத்துக்கான கொங்கிறீற்று வாளி மேலே ஏறிக்கொண்டிருந்த வேளை, ஒரு நாட்கூட நிறையாத அவ்வளையம் உட்புறமாகச் சரிந்தது. ஓரிடத்தில் தொடங்கிய சரிவு இரு புறமும் சுற்றி ஓட, சாரம் முழுவதும் சுவரிலிருந்து உரிந்து வீழ்ந்தது. அதில் நின்ற 51 பேரும் மாண்டனர். அவருள் 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவினர். இத்தகைய வேலை தந்தை வழியாகவும் மைத்துனன் வழியாகவும் கிடைப்பது எந்நாட்டிலும் உள்ளதே.

அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகம் இவ்விபத்தை ஆராய்ந்தது. வடம், பாரந்தூக்கி, சாரத்தின் பூட்டுகள் யாவும் பரிசீலிக்கப்பட்டன. இருபத்தெட்டாம் வளையம் போதிய வலிமை பெறுமுன் அதன்மீது பாரம் ஏற்றப்பட்டமையே பெரும்பாலும் காரணம் என அது முடிவு கண்டது. சீமெந்து இறுகுதல் ஓர் இரசாயனத் தாக்கம். குளிர் மிகுந்தால் அது தாமதிக்கும். அன்றைய இரவின் குளிர் வேலை அட்டவணைக்குத் தெரியாது. காலையில் மேலே ஏறியவனுக்கு உடம்பில் உறைத்திருக்கும். ஆனால் வளையம் இறுகிவிட்டதா எனத் தீர்மானிப்பது அவனுடைய வேலையாக இருக்கவில்லை. யாருடைய வேலையாக இருந்ததோ அவர்கள் சோதிக்கவில்லை என்பதே ஒப்பந்த நிறுவனத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவ்விவகாரம் 85,500 டொலர் தண்டத்துடன் தீர்ந்தது. இறந்தவர் ஒருவருக்கு ஏறத்தாழ 1,700 டொலர் எனக் கணக்கிடலாம்.

கொங்கிறீற்று வலிமை பெற்றதை உறுதிசெய்த பின்னரே அச்சுகளைக் கழற்றவேண்டும் என 1988இல் வெளியான அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் வலியுறுத்தின. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பர் 24ஆந் திகதி காலை, சீனாவின் ஜியாங்சி மாகாணத்துப் பெங்செங் நகரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த குளிராக்கற் கோபுரமொன்றின் சாரம் சரிந்து எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் நாட்கள் குளிராயிருந்தன; வலிமை பெறாத வளையத்திலிருந்து அச்சுகள் கழற்றப்பட்டிருந்தன. வேலைக்கென முதலில் வகுக்கப்பட்ட காலமும் வெகுவாகச் சுருக்கப்பட்டிருந்தது.