ரிக்கோ ஜிஆர் 3: சில அனுபவக் குறிப்புகள்

கையில் நல்லதொரு கைபேசி இருக்கும்போது, படம் எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத சிறு கருவிக்கு அவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று நண்பர்கள் பலரும் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒன்றரை ஆண்டுகளாக ரிக்கோவின் ஜிஆர் 3 என் சட்டைப்பையில் இருந்து வருவதால், எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜிஆர் வரிசையின் பூர்வீகம் ஃபிலிம் காலத்தது. 1996இல் ஜிஆர் 1 வந்தது. முதல் டிஜிட்டல் வடிவம் 2005இல் வெளியானது. அதன் உணரி சுண்டுவிரல் நகமளவே இருக்கும். 2013இல்தான், அளவில் பெரிய கேமராக்களில் பொருத்தப்படும் ஏபிஎஸ்-சி உணரியை இந்தச் சிறிய உடலுக்குள் நுழைத்தார்கள். பரப்பளவில் அது முன்னதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. 2019இல் வந்த ஜிஆர் 3 அந்த மரபில் 24 மெகாபிக்சல் கருவி. மின்கலமும் நினைவட்டையும் சேர்த்து 257 கிராம். ஜப்பானியத் தெருக்களைக் கரகரப்பான கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்த டைடோ மொரியாமா இவ்வரிசைக் கருவிகளைப் பயன்படுத்தியவர் என்பதால், இதன் மீது ஒருவிதப் பக்தியே உருவாகியிருக்கிறது. பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பதே நல்லது.

முதலில் இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூம் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சித்துளை கிடையாது. ஃபிளாஷ் கிடையாது, திருப்பிக்கொள்ளும் திரையும் கிடையாது. மழைக்கும் தூசிக்கும் தடுப்பு கிடையாது. மின்கலம் சுமார் 200 படங்களுக்கு மேல் தாங்காது என்று விவரக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. திருமண வீட்டுக்கோ சுற்றுலாவுக்கோ கேமரா தேடுபவர் இத்துடன் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

இருப்பது ஒரேயொரு 28 மில்லிமீட்டர் பார்வை; அகலமானது. முகம் பெரிதாக வரவேண்டுமானால் நாம்தான் நடந்து அருகில் போகவேண்டும். (35, 50 மில்லிமீட்டர் பார்வைக்கு ஓரங்களை வெட்டித்தரும் வசதி உண்டு. 50இல் 24 மெகாபிக்சல் 7 ஆகச் சுருங்கிவிடும். நான் தொடுவதில்லை.) தொலைவில் நின்று ஜூம் செய்து எடுப்பதில் ஒரு திருட்டுத்தனம் உண்டு என்பது என் எண்ணம். இக்கருவியில் அது இயலாது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிற்கும்போது எதிரில் இருப்பவருக்கு நம்மைத் தெரியும். அவருடைய சம்மதமும் தயக்கமும் நமக்குத் தெரியும்.

நான் இதை வாங்கியதன் காரணம் ஓர் அச்சகம். கும்பகோணத்தில் என் பெரியப்பா நாற்பதாண்டுகள் கம்பாசிட்டராக இருந்த இடம். பெரியப்பா இன்றில்லை. அவருடன் வேலை பார்த்த மாமா ஒருவர் மட்டும் எப்போதாவது வரும் அழைப்பிதழ் வேலைக்காக ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருக்கிறார். வரும் தை மாதம் அந்த இடம் கைமாறுகிறது. டிரடில் இயந்திரம் எடைக்குப் போகும். பெரியப்பாவை வேலை செய்யும் நிலையில் யாரும் படமெடுத்ததில்லை. வீட்டில் இருப்பதெல்லாம் ஸ்டூடியோப் படங்கள்.

சோக் வைத்த பழைய ட்யூப்லைட் ஒன்றுதான் அங்கு வெளிச்சம். அது நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்வது. ஆகவே ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால்தான் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாமலிருக்கும். எஃப் 2.8, 1/50, ஐஎஸ்ஓ 1600. அந்த வேகத்தில் மாமாவின் முகம் தெளிவாக நின்றது, எழுத்துப் பெட்டிக்கும் ஸ்டிக்கிற்கும் இடையே ஓடும் விரல்கள் சற்றே கலங்கின. கை நடுக்கத்தைக் கருவி சரிசெய்யும். எதிரில் நகரும் கையை நிறுத்தாது. எனக்கு அந்தக் கலங்கல் வேண்டியிருந்தது. கண்ணாலும் அவ்விரல்களை நிறுத்திப் பார்க்க முடியாது.

அதே இடத்தில் கைபேசியிலும் எடுத்தேன். கைபேசி ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, இருளைத் தூக்கி, புள்ளிகளை வழித்துத் தருகிறது. சுவரில் காலண்டர் தெரிந்தது, மூலையில் கிடந்த காகிதக் கட்டுகள் தெரிந்தன. ஆனால் நகக்கண்ணில் ஊறிய மையும் விரல் ரேகையும் மெழுகு பூசியதுபோல் மறைந்துவிட்டன. ஜிஆர் படத்தில் மூலை இருட்டாகவே இருந்தது, மை இருந்தது.

அருகமைப் படங்களிலும் இது ஏமாற்றவில்லை. 6 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். இடவலம் மாறிய ஈய எழுத்துகளின் தேய்ந்த விளிம்பு வரை வந்தது. ‘ழ’கரங்கள் எல்லாம் ஏன் புதிதாக இருக்கின்றன என்று கேட்டேன். “அது ஒடஞ்சுகிட்டே இருக்கும் தம்பி, வால் மெலிசு. அடிக்கடி மாத்தணும்” என்றார்.

இயந்திரம் ஓடும்போது வேறொரு வசதி பயன்பட்டது. குவியத் தூரத்தை 2 மீட்டர் என்று முன்னரே குறித்துவைத்து, பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால், குவியம் தேடும் தாமதமின்றிப் படம் விழுகிறது. நல்ல வெளிச்சத்தில் எஃப் 8 வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாமே தெளிவாக இருக்கும். திரையைப் பார்க்கவே வேண்டாம். வாசல் பக்கம், பகல் வெயிலில் காகிதம் வெட்டியபோது இப்படித்தான் எடுத்தேன்.

2025இல் ஜிஆர் 4 வந்துவிட்டது. நடுக்கத்தைத் தாங்கும் அச்சுகள் மூன்றிலிருந்து ஐந்தாகியிருக்கின்றன, உள்நினைவகம் 2 ஜிபியிலிருந்து 53 ஜிபியாகியிருக்கிறது. நல்ல மாற்றங்களே. நான் மாறப்போவதில்லை. அந்தப் பணத்தில் கூடுதலாக இரண்டு மின்கலங்களும், 20 அங்குல அகலத்தில் பத்துப் பிரதிகளும் போக, மிச்சம் நிறையவே இருக்கும்.

மாமாவிடம் இரு படங்களையும் காட்டினேன். ஜிஆர் படத்தைப் பார்த்து, “என்ன தம்பி, இவ்வளவு இருட்டா இருக்கு?” என்றார். மகளுக்கு அனுப்பச் சொன்னது கைபேசிப் படத்தைத்தான். அனுப்பிவிட்டேன். மற்றதைப் பெரியம்மா வீட்டுக்கூடத்தில் மாட்டுவதாக இருக்கிறேன். தைக்குள் இன்னும் இரண்டு முறையாவது கும்பகோணம் போகவேண்டும்.