வெள்ளி தேயாமல் துடைக்க

மார்கழியில் திருவண்ணாமலைக் கல்யாண மண்டபங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். மலை உச்சியில் பதினோரு நாள் எரிந்த மகாதீபக் கொப்பரை கீழே வந்திருக்கும். அதில் படிந்த மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாற்றி, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். கோயிலில் மை பிரசாதமாகும் இதே நாட்களில், ஊருக்குள் பேண்டு செட்டுக்காரர்கள் வாத்தியங்களின் கருப்பை எடுத்துக்கொண்டிருப்பார்கள். தை பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும். அதற்குள் டிரம்பெட், டிராம்போன், யூஃபோனியம் எல்லாம் வெளுத்தாக வேண்டும்.

கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய தெருவில் ஒரு பேண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் பழைய வேட்டியை விரித்து யூஃபோனியத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். பித்தளை வாத்தியம், மேலே வெள்ளி முலாம். அவர் அப்பா காலத்தில் பழசாகவே வாங்கியதாம். இடது கை அணைத்துப் பிடிக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளி போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டு தலைமுறைக் கை வியர்வை அந்த இடத்தில் இறங்கியிருக்கிறது.

முதல் வேலை கழுவுவது. மூன்று பிஸ்டன் வால்வுகளையும் கழற்றி, 1, 2, 3 என்று பொறித்திருக்கும் வரிசையிலேயே தனித்தனியாக வைத்தார். மாற்றிப் போட்டால் காற்று போகும் துளைகள் பொருந்தாது, சத்தமே வராது. ஸ்லைடுகளை உருவி, பெரிய பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மூழ்க வைத்தார். நூலில் துணியைக் கட்டிக் குழாய்க்குள் விட்டு இழுத்தபோது பச்சையும் பழுப்புமாகக் குழம்பு வந்தது. எச்சிலும் தூசியும் செம்பின் களிம்பும் சேர்ந்த குழம்பு அது. வெளியே பளபளக்கும் வாத்தியம் உள்ளே இப்படி இருந்தால் குழாய் உள்ளிருந்தே அரித்துவிடும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஈரம் தங்கிய இடத்தில் துத்தநாகம் முதலில் கரைந்து போகும். செம்பு மட்டும் மிஞ்சி, வெளியே சிவப்புப் புள்ளி விழும். அப்படி ஒரு புள்ளியைக் காட்டினார். நகத்தால் அழுத்தினால் ஓட்டை விழுந்துவிடும் என்றார்.

பிறகுதான் வெள்ளி. வெள்ளி கறுப்பது துரு அல்ல. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி மெல்லிய கருப்புப் படலமாகின்றன. பேண்டு வாத்தியத்தைத் தேடிக் கந்தகம் வருகிறது. சாமி புறப்பாடானாலும் சாவு ஊர்வலமானாலும் முன்னால் வேட்டு, பின்னால் பேண்டு. வெடிமருந்தில் கந்தகம் உண்டு, புகை நேரே வாத்தியத்தின் வாயில்தான் மோதும். உறைக்குள் ரப்பர் துண்டு கிடந்தாலும் அதே கதைதான்.

திருவண்ணாமலையில் வெள்ளிப் பாத்திரம் தேய்க்க யாரைக் கேட்டாலும் திருநீறு என்பார்கள். கட்டி வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது சரி. முலாம் பூசியதற்கு மாஸ்டர் அதைத் தொடவே விடுவதில்லை. சாணச் சாம்பலில் கண்ணுக்குத் தெரியாத மணல் துணுக்குகள் இருக்கும், கீறிவிடும். புளியும் வேண்டாம் என்கிறார். கிரிவலத்தில் கயிலாய வாத்தியக் குழுக்கள் ஊதும் கொம்பையும் திருச்சின்னத்தையும் புளி போட்டுத் துலக்கலாம், அவை வெறும் பித்தளை. வெள்ளியின் கருப்பைப் புளி கரைக்காது. முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளையைத்தான் போய்த் தின்னும்.

அவர் பயன்படுத்துவது நன்றாகச் சலித்த சீமைச்சுண்ணாம்புத் தூள். தண்ணீரில் குழைத்து, மெத்தென்ற பருத்தித் துணியில் தொட்டு, குழாயின் நீளவாக்கில் மட்டும் ஓட்டுகிறார். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் கீறல்கள் வட்டவட்டமாகத் தெரியுமாம். வாய்ப்பகுதியின் பூ வேலைப்பாட்டில் கோடுகளுக்குள் இருக்கும் கருப்பை அப்படியே விட்டுவிடுகிறார். அது இருந்தால்தான் பூ பூவாகத் தெரியும்.

அக்கா மகன் பக்கத்தில் ஒரு டிரம்பெட்டை வைத்துக்கொண்டு விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தான். “மாமா, இன்னும் துணி கருப்பாதான் வருது” என்றான்.

“எடுத்துடு கையை. அழுக்கு எப்பவோ போச்சு. இப்ப வர்றது வெள்ளி.”

இது எனக்குப் புதிய செய்தி. வெள்ளியைத் தேய்த்தால் உதிரும் நுண்துகள் துணியில் கருஞ்சாம்பலாகத்தான் ஒட்டும். துணி வெளுக்கும்வரை தேய்ப்பேன் என்பவர் கடைசியில் பித்தளையைத்தான் காண்பார். முலாம் என்பதே சில மைக்ரான் கனம், தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு. 1840-ல் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இவ்வளவு கொஞ்சம் வெள்ளியில் இவ்வளவு பெரிய பரப்பை மூட முடிந்தது. ஒவ்வொரு பாலிஷும் அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் எடுக்கிறது. மறுபடி முலாம் போட வேண்டுமென்றால் பழையதை முழுதாக உரித்து, நெளிவு நீக்கி, சயனைடு கலந்த தொட்டியில் இறக்க வேண்டும். ஒரு சிறிய பேண்டு செட்டுக்கு அது கட்டுப்படியாகிற செலவல்ல.

இதைவிட வேகமான வழி உண்டு. பாத்திரப் பட்டறையில் சுழலும் பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் சில நிமிடங்களில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு பட்டறைக்குப் போய் வந்த கார்னெட் ஒன்று பரணில் இருக்கிறது. வளைவுகளிலும் பற்றவைத்த இடங்களிலும் வெள்ளியே இல்லை. மாஸ்டர் அதை எடுத்துக் காட்டியபோது பட்டறைக்காரரைக் குறை சொல்லவில்லை. பார்ட்டிக்காரர்கள் வாத்தியம் மின்னினால்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள் என்றார். செண்டை மேளமும் டிஜேவும் கேட்கிற காலத்தில், வெளுப்பு குறைந்த பேண்டைக் கிழட்டு பேண்டு என்று ஒதுக்கிவிடுகிறார்களாம். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. சரபோஜி மன்னர் (1798–1832) காலத்துத் தஞ்சை அரண்மனையிலேயே மேற்கத்திய வாத்தியக் குழு இருந்த நாடு இது. பித்தளை வாத்தியத்தின் நாதத்தைக் காதால் கேட்டு விலை சொல்ல நமக்கு நேரமாகவில்லையா? துடைக்கும் இந்த உழைப்புக்குக் கூலி கிடையாது. வாத்தியம் ஊதும் நாளுக்குத்தான் பணம்.

பையனுக்கு வேறொரு முறை தெரிந்திருந்தது. ஓட்டல் பார்சல் அலுமினியத் தாளைக் கிண்ணத்தில் விரித்து, ஆப்பச்சோடாவும் கொதிநீரும் விட்டு, டிரம்பெட்டின் மவுத்பீஸைத் தாளில் படும்படி போட்டான். அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. கருப்புப் படலத்திலிருந்து கந்தகம் பிரிந்து, வெள்ளி வெள்ளியாகவே திரும்பி உலோகத்தில் தங்குகிறது. தேய்மானம் இல்லை. மாமா சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சின்ன சாமானுக்குப் போடு. பெரிசுக்கு வாணாம், ஒட்டுப்பத்துல தண்ணி நின்னுக்கும்” என்றார்.

வால்வுகளுக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மார்கழி விடியலில் அது உறைந்துவிடும், விரலை எடுத்தாலும் பிஸ்டன் மேலே வராது. இவர் போடுவது தையல் மெஷின் எண்ணெய். ஸ்லைடுகளுக்கு வாசலின்.

கை பிடிக்கும் மஞ்சள் இடத்தை அவர் பாலிஷே செய்யவில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றியதோடு சரி. அந்த இடத்தில் கட்ட மெல்லிய தோலில் ஓர் உறை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அவிழ்த்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் வியர்வை அடியில் தங்கி இருப்பதையும் தின்றுவிடும் என்று பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவிழ்க்கச் சுலபமாக முடிச்சு வைப்பதா, பட்டன் வைப்பதா என்று இருவருக்கும் பேச்சு நடந்தது. உலோகப் பட்டன் கீறும் என்பதால் முடிச்சு என்று முடிவாயிற்று.