பாதி டாங்கி

காரை எப்படி வேகமாக்குவது என்று கேட்டால் நம் பையன்கள் இன்ஜினிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப்கட், அதிலிருந்து கழற்றிய டர்போ இன்ஜின், அதைப் பழைய கன்சிலின் மூக்குக்குள் திணிக்கத் தெரிந்த ஒரு போமன். நானும் இந்தப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் நான் ஓடப்போன பந்தயத்தில் இரண்டாவது கியருக்கு மேல் பெரும்பாலும் வேலையே இல்லை.

ஆட்டோகிராஸ் என்று வெளியில் சொல்வார்கள். இங்கே அதற்கு நெருக்கமானவை ஜிம்கானாவும் ஆட்டோகானாவும். பெரிய கார் நிறுத்துமிடம் ஒன்று, ஆரஞ்சு நிறக் கோன்கள், ஒரு கடிகாரம். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். முந்துவதற்கு எதிரே ஆளில்லை, இடிக்கவும் யாரும் வரமாட்டார்கள். கோனைத் தட்டினால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். காலையில் பாதையை நடந்தே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். என்னுடைய ஓட்டம் ஒன்று ஒரு நிமிடம்கூட நீடித்ததில்லை, வேகமும் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியது அபூர்வம். சொல்லும்போது சப்பென்றுதான் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அந்த ஐம்பது வினாடியில் மூச்சு விட மறந்துபோகும்.

என் கையில் இருந்தது 12,000 வெள்ளி. முதலில் சத்ரியாவைப் பார்த்தேன். மிட்சுபிஷியின் அடித்தளத்தில் புரோட்டோன் கட்டிய மூன்று கதவுக் கார், நம் ஊர்ப் பந்தயக்காரர்களின் பழைய காதலி. ஜி.டி.ஐ. ரகமெல்லாம் இப்போது சேகரிப்பாளர்கள் கையில். மிச்சமிருந்த சாதா ரகங்கள் என் விலைக்குக் கிடைத்தன. கிடைத்தவற்றில் துரு. மைவியைப் பார்த்தேன். 2005இலிருந்து ரோட்டில் எங்கு திரும்பினாலும் அதுதான், பொத்தோங் கடைகளில் உதிரிபாகம் மலை மாதிரி கிடக்கும். நல்ல கார், ஆனால் உயரமான உடம்பு, எடையும் கூட. கடைசியில் கெலிசா. 2001இலிருந்து 2007 வரை பெரோடுவா செய்த குட்டிக் கார். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான, மூன்று சிலிண்டர் இன்ஜின். என்னையும் ஏற்றிக்கொண்டாலும் 800 கிலோவை ஒட்டித்தான் வரும். 9,500 வெள்ளிக்கு வாங்கினேன்.

குளுவாங்கில் வீட்டு முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்தியபோது அப்பா சுற்றி வந்து பார்த்தார். கடைக்குப் போக என்றுதான் நினைத்திருக்கிறார். பந்தயம் என்றதும் முகம் மாறிவிட்டது.

“முப்பத்தொரு வருசம் ஸ்டீரிங்க புடிச்சேன் தம்பி. நீ புடிக்கக் கூடாதுன்னுதான் புடிச்சேன்” என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? அப்பா செம்பனை எண்ணெய் டாங்கி லோரி ஓட்டியவர். ஆலையில் ஏற்றி பாசிர் கூடாங் துறைமுகத்தில் இறக்கி, திரும்பி வந்து, மறுபடி ஏற்றி. என் பல்கலைக்கழகக் கட்டணம், அக்காவின் கல்யாணம், இந்த வீடு எல்லாம் அந்த ரோட்டிலிருந்து வந்தவை. 2002இல் கரம்ஜித் சிங் உலக ராலியில் புரொடக்‌ஷன் கார் பிரிவின் பட்டத்தை வென்றதை இன்றைக்கும் சொந்தக்காரர் கதை போலச் சொல்வார். அது கரம்ஜித். மகன் என்று வரும்போது கணக்கு வேறு.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. படிவம் ஐந்தில் என்னோடு படித்தவன் ஒருவன், நள்ளிரவுக்கு மேல் நெடுஞ்சாலையில் இன்னொரு காரோடு போட்டி போட்டுப் போனவன், வீடு வந்து சேரவில்லை. துக்க வீட்டில் பையன்கள் அவனுடைய இன்ஜினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரின் டயர்கள் வழுக்கையாக இருந்ததை நான் ஒரு வாரத்துக்கு முன்பே பார்த்திருந்தேன், அவனிடம் சொல்லியும் இருந்தேன். சிரித்தான். டயருக்கு ஏது பெருமை? அது சத்தம் போடாது, படத்திலும் தெரியாது.

ஒரு கார் எவ்வளவு வேகமாக வளையும், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதெல்லாம் உள்ளங்கை அகலத்தில் தரையைத் தொடும் நான்கு ரப்பர் துண்டுகளின் சமாச்சாரம். முன்சக்கர ஓட்டமுள்ள காரில் முன்டயர்கள் பாவம். இழுப்பதும் திருப்புவதும் அவைதான், நிறுத்துவதிலும் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். எவ்வளவு பிடிக்கும் என்பது அவற்றின் மேல் அந்த நொடியில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு ஒரே வரியில் ஒரு சமன்பாடு உண்டு. கெலிசாவின் முன் பின் சக்கர இடைவெளி 2.36 மீட்டர். எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். கடுமையாகப் பிரேக் அழுத்தினால் 130 கிலோவுக்கு மேல் பின்னாலிருந்து முன்னால் வருகிறது. கொழுத்த ஆள் ஒருவன் பின்சீட்டிலிருந்து எகிறி பானெட்டின் மேல் விழுவது மாதிரி.

ஒருநாள் இரவு சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இது சாப்பாட்டு மேசையில் சொல்லும் அளவுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

“டாங்கி நெறஞ்சிருந்தா பயம் இல்ல. காலியா இருந்தாலும் பயம் இல்ல. பாதி இருக்கு பாரு, அதான் ஆளக் கொல்லும். நீ பிரேக்க அமுக்கி லோரி நின்னுரும், எண்ணெ நிக்காது. முன்னால போயி முட்டும், திரும்பிப் பின்னால வரும், மறுபடி முட்டும். வளைவுல ஒரு பக்கமா ஏறிரும். அது எங்க இருக்குன்னு முதுகுல தெரியணும்.”

நான் நான்கு வருடம் படித்ததை முதுகு என்று சொல்லி முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு செய்த வேலைகள் பார்வைக்கு ஒன்றுமில்லாதவை. பிரேக் எண்ணெயை மாற்றினேன், நல்ல பேட் போட்டேன். இற்றுப்போன புஷ்களையெல்லாம் கழற்றிப் புதிது மாட்டினேன். பணத்தில் பெரிய துண்டு 13 அங்குல டயர் நான்குக்குப் போனது. அப்சோர்பர் மாற்றி, சக்கரக் கோணங்களைச் சரிபார்த்து, இரண்டாம் கைச் சீட் ஒன்று, அவ்வளவுதான். சீட்டை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். வளைவில் உடம்பு வழுக்கினால் ஸ்டீரிங்கைத் திருப்புவதற்குப் பதில் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்போம். பின்டயர்களில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், வால் சற்று இளகி மூக்கு சீக்கிரம் திரும்பும் என்று. இன்ஜினுக்குப் பிளக்கும் எண்ணெயும் மட்டும். இன்ஜினையே மாற்ற வேண்டுமென்றால் ஜே.பி.ஜே. அனுமதி, புஸ்பாகோம் சோதனை என்று அலைய வேண்டும். அலையாமல் மாற்றுகிறவர்கள் உண்டு, அதில் எனக்கு மரியாதை இல்லை.

பிளாட் பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். “என்ன அண்ணே, எல்லாம் ஸ்டாக்காவே இருக்கு? ஸ்பிரிங்கயாவது வெட்டலாம்ல?” என்றான் ஒருவன். ஸ்பிரிங் வெட்டுவது இங்கே மலிவான சடங்கு, பார்க்கக் கார் பதுங்கிய புலி மாதிரி நிற்கும். நடப்பது வேறு. சக்கரம் மேலே ஏற இடமில்லாமல் சின்னப் பள்ளத்திலும் ரப்பர்க் கட்டையில் போய் இடிக்கும், இடிக்கிற நொடியில் பிடி போய்விடும். அதோடு கெலிசா மாதிரி முன்னமைப்பு உள்ள காரை அளவு மீறித் தாழ்த்தினால், உடம்பு சாய்கிற அச்சு எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். சாய்க்கிற விசை கூடும். தரையில் உட்கார்ந்து குச்சியால் படம் போட்டு விளக்கினேன். இருவர் கடைசிவரை கேட்டார்கள். ஒருவன் மட்டும் மறுநாள் வந்து தன் மோட்டார் சைக்கிள் டயரைக் காட்டி, “இது பரவாலயா அண்ணே?” என்றான். பரவாயில்லை என்று சொல்லும் நிலையில் அது இல்லை.

பந்தயம் ஜொகூரில் ஒரு பேரங்காடி நிறுத்துமிடத்தில் நடந்தது. அப்பா வருவதாகச் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் சட்டை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அங்கே வெயிலில் குடையோடு நின்று முதல் இரண்டு ஓட்டத்தையும் பார்த்தார். சாய்ந்து சாய்ந்து போகும் ஐந்து கோன் வரிசையில்தான் எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

“ஒன் எண்ணெ இன்னும் அந்தப் பக்கத்துல இருக்கு. அதுக்குள்ள இந்தப் பக்கம் திருப்பிர்ற” என்றார். “அது வந்து சேரட்டும்.”

கெலிசாவில் ஏது எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் ஒவ்வொரு கோனிலும் ஒரு கண் இமைப்பு காத்திருந்து திருப்பினேன். உள்ளே மெதுவாகப் போவது போலத்தான் இருந்தது. கடிகாரத்தில் 0.7 வினாடி குறைந்திருந்தது. எங்கள் பிரிவில் பத்தொன்பது பேரில் பதினொன்றாவது ஆள் நான்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு திரும்பியபோது அப்பா வரிசைக் கயிற்றருகே நின்று அடுத்து ஓடிய சத்ரியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பும்போது முன்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

“அந்தப் பையன் ஸ்பிரிங்க வெட்டியிருக்கான்” என்றார், என் பக்கம் திரும்பாமலே.