உதிரும் முடியும் ஊசியுருளையும்

மனிதன் இழப்பனவற்றுட் பல, பிறர் அறியுமுன் அவனுக்கே தெரிந்துவிடுகின்றன. தலைமுடியின் இழப்போ பிறர் கண்ணுக்கே முதலிற் புலனாகின்றது. எனக்கு அதனை உணர்த்தியவன், விடுதியில் என் அறையிலேயே வதியும் யாழ்ப்பாணத்து நண்பன். "மச்சான், ஒவ்வொரு பரீட்சைக்கும் உன்ர நெற்றி கொஞ்சம் கொஞ்சமா மேலே போகுது" என்றான் அவன். அப்பொழுது எனக்கு வயது இருபத்திரண்டு. கலைப்பீடத்தில் மூன்றாம் ஆண்டு. அன்றுமுதல் பேராதனையின் ஓயாத மழை, நான் தொப்பி அணிவதற்கு நல்லதொரு காரணமாயிற்று.

அற்பமான பொருளைச் சுட்ட நாம் மயிரையே எடுத்துக்காட்டுகின்றோம். ஆயினும் வள்ளுவர், தம் நிலையினின்றும் தாழ்ந்த மாந்தருக்கு உவமை தேடியபொழுது, தலையினின்றும் உதிர்ந்த மயிரையே கண்டார். அக்குறளை வைத்ததும் 'மானம்' என்னும் அதிகாரத்திலேயாகும். இளைஞன் ஒருவன் சீப்பில் எஞ்சிய முடியை எண்ணிப் பார்ப்பதை வெறும் அழகுப்பித்து என்று தள்ளிவிடுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

நாளொன்றுக்கு 50 முதல் 100 வரையான முடிகள் உதிர்வது எவர்க்கும் இயல்பே. ஆண்களின் வழுக்கை அத்தகையதன்று. ரெஸ்ரொஸ்ரெரோன் என்னும் ஆண் ஓமோன், நொதியம் ஒன்றினால் மேலும் வீரியமுள்ள வேறொரு பொருளாக மாற்றப்படுகின்றது. பரம்பரையால் அதற்கு இணங்கும் இயல்புடைய மயிர்க்கால்கள் அதன் தாக்கத்தாற் படிப்படியாகச் சுருங்குகின்றன. பருவமெய்துமுன் விதையகற்றப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதை 1942ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். 'தாய்வழிப் பாட்டனைப் பார்த்தாற் போதும்' என்று ஊரிற் கூறுவதிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆண் ஓமோனை ஏற்கும் பரம்பரையலகு தாய் தரும் எக்ஸ் நிறமூர்த்தத்திலேயே உள்ளது. எனினும், தந்தைவழியாக வரும் பரம்பரையலகுகளுக்கும் இதிற் பங்குண்டு. எனக்கோ இரு பாட்டன்மாரும் வழுக்கையர், தந்தையும் அவ்வாறே.

கம்பளையிலுள்ள எங்கள் வீட்டிற் பாட்டி, கரிசலாங்கண்ணியும் செவ்வரத்தம்பூவும் கறிவேப்பிலையும் இட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சித் தந்தார். அவ்வெண்ணெய் முடிக்குப் பளபளப்பையும் எனக்கு நல்ல உறக்கத்தையும் தந்தது. நெற்றி மேலேறுவதை அது தடுக்கவில்லை. அடுத்து வெங்காயச் சாறு. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பக்தாத் நகரில் நிகழ்ந்து 2002இல் வெளியான ஆய்வு. வெங்காயச் சாறு பூசியவர்க்கு, வெறும் நீர் பூசியவரைக் காட்டிலும் முடி கூடுதலாக முளைத்தது என்பது அதன் முடிபு. ஆனால் அந்நோயாளர்க்கு இருந்தது வட்ட வட்டமாக முடிகொட்டும் புழுவெட்டு. அது பரம்பரை வழுக்கையினின்றும் வேறான நோய். ஒரு நோய்க்குரிய சான்று மற்றொரு நோயின் சந்தையில் விலைபோகின்றது. அறைநண்பன் இரண்டு இரவுகள் பக்கத்து அறையிற் படுத்ததோடு என் வெங்காய வைத்தியம் நிறைவெய்தியது.

ஊசியுருளையின் கதை வேறு. சிறு கைபிடியின் நுனியிற் சுழலும் உருளை. அதில் நூற்றுக்கணக்கான நுண்ணூசிகள். தோலில் மிகச் சிறு காயங்களை உண்டாக்கினால், அவற்றை ஆற்றுவதற்கு உடல் சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள் மயிர்க்கால்களையும் தூண்டும் என்பது இதன் அடிப்படை. மும்பையில் ரசிதா துரத் என்னும் சருமநோய் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 100 ஆடவரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் மினொக்சிடில் என்னும் மருந்தை மட்டும் பூசினர். மறுபகுதியினர் அதனோடு வாரந்தோறும் 1.5 மில்லிமீற்றர் ஊசியுருளைச் சிகிச்சையும் பெற்றனர். 12 வாரங்களின் பின், குறித்த பரப்பில் முடிகளின் எண்ணிக்கை முன்னவர்க்குச் சராசரி 22உம் பின்னவர்க்கு 91உம் கூடியிருந்தது. மினொக்சிடில் குருதியமுக்கத்துக்கென உருவாகி, உண்டவர் உடலில் முடி வளர்ந்ததால் தலைக்கு வந்த மருந்து. அமெரிக்காவில் 1988இல் தலைமுடிக்கென அனுமதி பெற்றது. பூசுவதை நிறுத்தினால் வந்த முடி சில மாதங்களில் மீண்டும் போய்விடும்.

மருத்துவ பீடத்து நண்பன் ஒருவன் இவ்வாய்வைப் படித்துக் காட்டியதோடு, அங்கே உருளையைப் பிடித்தவை பயின்ற கைகள் என்பதையும் நினைவூட்டினான். ஆகவே அரசினர் வைத்தியசாலையொன்றின் சருமநோய்ப் பிரிவிற் காட்டிய பின்னரே தொடங்கினேன். மருத்துவர் 1.5 மில்லிமீற்றர் ஊசியை வீட்டில் தொடவேண்டாம் என்றார், 0.5 மில்லிமீற்றர் போதும், வாரம் ஒரு முறை, ஊசிகளை மதுசாரத்தில் தோய்த்தெடுக்க வேண்டும், பிறரோடு பகிரலாகாது, உருட்டியபின் ஒரு நாள் கழித்தே மருந்து பூசவேண்டும் என்றார். விடுமுறையும் விரிவுரைக் காலமுமாக 12 வாரங்கள் இதனைக் கடைப்பிடித்தேன். மகாபொலப் பணத்தில் ஒரு பகுதி மருந்துக்குப் போயிற்று. உச்சியில் மெல்லிய முடிகள் சில தோன்றின. நெற்றியோரத்தில் மாற்றமேதும் இல்லை. அவற்றைத் தந்தது ஊசியா மருந்தா என்று நான் எங்ஙனம் அறிவேன்? மும்பையில் ஒப்பிடுவதற்கு இரு குழுவினர் இருந்தனர்; எனக்கு இருப்பதோ ஒரே தலை.

இம்முயற்சியில் நான் எதிர்பாராத பேறு ஒன்றுண்டு. ஒரு விடுமுறை நாளில் அப்பா என்னருகே வந்து நின்று, உருளை நகர்வதைச் சற்றுநேரம் பார்த்தார்.

"நோவுதா தம்பி?"

"கொஞ்சம் நோவும் அப்பா."

"நானும் கல்யாணத்துக்கு முந்தி ஒரு வருஷம் வெள்ளைப்பூண்டு தேச்சுப் பாத்தேன். முடி வரல்ல, ஒங்கம்மாதான் வந்தா."

பூண்டை அவர் ஒருவருக்கும் தெரியாமல் இரவிலே தேய்த்தாராம். தந்தையும் மகனும் ஒரே இழப்பை வெவ்வேறு காலங்களில் மறைத்து வைத்திருந்தோம். முடிகொட்டும் இளைஞனின் மௌனமே போலி எண்ணெய் விற்போரின் முதலீடு எனலாம். வெட்கப்படுபவன் கேள்வி கேட்கமாட்டான். எந்த நோய்க்குச் சோதித்தீர், எத்தனை பேரில், எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளை உரத்துக் கேட்டால் அங்காடியிற் பாதிச் சரக்கு நில்லாது.

கண்டி மாநகரில் மயிரற்ற தலை இழிவுக்குரியதன்று. வாவிக்கரையிலுள்ள மல்வத்தை விகாரையில், நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் 1753இல் சீயத்துத் துறவியர் வந்து உபசம்பதாவை மீண்டும் தொடக்கிவைத்தனர். அந்நாள்முதல் மழித்த தலைகளின் முன்னே நிறைமுடியுடையோர் தலைவணங்கி வருகின்றனர். அவர்கள் மனமுவந்து களைந்ததை நாங்கள் மனமின்றி இழக்கின்றோம். துறவியின் பற்றின்மை எனக்கு வாய்க்குமென்று நான் கூறேன்; இருபத்திரண்டு வயதில் அதனை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மருந்தைத் தொடர்கின்றேன். 12 வாரங்கள் என்று வரையறுத்துக்கொண்ட உருளையை அவ்வெல்லையிலேயே நிறுத்திவிட்டேன். தொப்பியை மழைநாளில் மட்டுமே அணிகின்றேன்.