பரங்கிமலையில் விரித்த நிலப்படம்

முன்பெல்லாம் வெளியூர் செல்லுகிறவர்கள் தேநீர்க் கடையிலும் தெருமுனையிலும் நின்று வழி கேட்டார்கள். இன்றோ கைபேசியைக் கேட்கிறார்கள். இடப்புறம் திரும்பு என்று அது பணிக்கிறது. நாமும் மறுபேச்சின்றித் திரும்புகிறோம். நள்ளிரவில், முன்பின் அறியாத தெருவில் வாழும் நோயாளிக்கு நோயில் பூசுதல் வழங்க விரைகின்ற குருவுக்கு அது செய்யும் உதவியைக் குறைத்துப் பேசுவது நன்றி மறத்தலாகும். ஆயினும், போகும் வழியை அறிவது வேறு; நிற்கும் இடத்தை அறிவது வேறு. இவ்வேறுபாட்டை உணர விரும்புவோர் ஒரு காலைப் பொழுதில், கையில் காகித நிலப்படத்துடன் பரங்கிமலைக்கு ஏறி வருவார்களாக.

சென்னை விமான நிலையத்துக்கு அணித்தே ஏறத்தாழ 300 அடி உயரத்தில் நிற்கிறது இக்குன்று. திருத்தூதர் தோமா இங்கே குருதி சிந்தி உயிர் நீத்தார் என்பது வழிவழியாக வந்த மரபு. போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய ஆலயம் உச்சியில் உள்ளது. படியேறி வரும் திருப்பயணிகளுள் பலரும் அறியாத மற்றொரு வரலாறும் இம்மலைக்கு உண்டு.

வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1802 ஏப்ரல் 10 அன்று இம்மலையை அடுத்த சமவெளியில் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். இங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு அளக்கப்பட்டது. முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மிகத் துல்லியமாக அளந்துகொண்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் கோணங்களைக் கண்டு மூன்றாம் முனையின் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் மற்றொன்று என நாடு முழுவதையும் அளக்கலாம். இதற்குக் குன்றுகளும் கோபுரங்களும் துணையாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளராமல் தாமே அதைச் சீர்செய்து பணியைத் தொடர்ந்தார். 1823-இல், அளவைப் பயணத்தின் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை ஏற்று, அளவையை இமயமலை அடிவாரம் வரை கொண்டு சேர்த்தார். ஆகவே நம் மடியில் மடிந்து கிடக்கும் தாள் வெறுங் காகிதமன்று. வெயிலிலும் மழையிலும் காய்ச்சலிலும் கால் தேய நடந்த எண்ணற்ற மனிதருடைய உழைப்பு அது.

ஆலய முற்றத்துச் சுவர்மீது படத்தை விரிப்போம். ஒரு தாள் போதாது. 13 பாகை வட அட்சரேகை மலைக்குச் சற்றுத் தெற்கே செல்வதாலும், தாள்கள் அக்கோட்டில் பிரிவதாலும், இரண்டு தாள்களை ஒட்டி வைக்க வேண்டும். காற்றில் பறக்காதபடி நான்கு மூலைகளிலும் கல் வைத்து, படத்தின் வடக்கை மெய்யான வடக்குக்கு நேராகத் திருப்ப வேண்டும். இப்பொழுது வடக்கே அடையாற்றையும், கிழக்கே கடலையும், தென்கிழக்கே வேளச்சேரியையும், அதற்குத் தெற்கே பள்ளிக்கரணையையும் படத்திலும் கண்ணெதிரிலும் ஒருங்கே காணலாம். கைபேசிப் படத்தில் நாம் நடுவில் நீலப் புள்ளியாய் நிற்க, உலகம் நம்மைச் சுற்றி நகர்கிறது. காகிதப் படத்திலோ நம்மை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம்மிடம் இருப்பது ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்த பழைய தாள். உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் மலையைச் சுற்றி நெருங்கி நிற்கின்றன. தென்கிழக்குச் சமவெளியிலோ அவற்றைக் காண்பது அரிது. அவ்வளவு தட்டையான நிலம்! அங்கே நிலத்தின் சரிவை அறிய ஏரிகளையே பார்க்க வேண்டும். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். கீழ்க்கட்டளை ஏரியின் நீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும், பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கும் போய்ச் சேரும். எழுத்தறியா உழவரும் அறிந்திருந்த இவ்வொழுங்கைப் பழைய தாள் பொறுமையாகச் சொல்கிறது. கைபேசிப் படம் அதே இடத்தில் கடைகளையும் உணவகங்களையும் அடுக்குமாடி வீடுகளையும் காட்டுகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நீரில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பணியில் சேர்த்த பணம் முழுவதையும் போட்டு வாங்கிய தரைத்தள வீட்டில் இடுப்பளவு நீர் நின்ற கதையை நம்மிடம் கூறினார். “சாமி, வாங்கும்போது பத்திரம் பார்த்தோம், வில்லங்கம் பார்த்தோம். தண்ணி எந்தப் பக்கம் போகும்னு மட்டும் யாரும் பாக்கல” என்றார். அவ்வெள்ளத்தில் பல பகுதிகளில் கைபேசிகளும் ஊமையாயின. ஒரு காலத்தில் பல்லாயிரம் ஏக்கராய்ப் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், குப்பைமேட்டுக்கும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் இடங்கொடுத்துச் சுருங்கிய பின்னரே, 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

காகிதப் படம் பழையதாகிவிடும், புதிய சாலை அதில் இராது என்பர். உண்மைதான். ஆனால் அக்குறையே இங்கு நிறைவாகிறது. கைபேசிப் படம் புதுப்பிக்கப்படுந்தோறும் நேற்றைய நிலம் கண்ணிலிருந்து மறைகிறது. பழைய தாளோ, ‘இவ்விடத்தில் நீர் நின்றது’ என்று இன்றும் சான்று பகர்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். முன்பு கடலோரப் பகுதித் தாள்கள் எல்லோருக்கும் எளிதில் கிடைத்ததில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை பொதுமக்களுக்கெனத் தனி வரிசையை வகுத்தது; இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்திலிருந்து அத்தாள்களைப் பெறலாம். உங்கள் ஊர்த் தாளை அச்சிட்டு, விடுமுறை நாளில் தரையில் விரித்து, பிள்ளைகளைச் சுற்றி அமரச் செய்யுங்கள். வடக்கு எது? நம் தெருவுக்கு மழைநீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? அது போகும் வழியில் இன்று என்ன நிற்கிறது? இந்நான்கையும் கேளுங்கள். பாட்டனார் பாட்டிமார் வீட்டில் இருப்பார்களேயானால் அவர்களையும் அருகே அமர்த்துங்கள். தாளில் இல்லாத குளத்தின் பெயர்கூட அவர்கள் நினைவில் இருக்கும். வீடோ மனையோ வாங்கப் புறப்படுமுன் இந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடும் குடும்பம், பின்னாளில் பல இரவுகள் நிம்மதியாக உறங்கும்.