தாளும் கற்பனையும்

கைத்தொழில் செய்வோரைக் காணும் அன்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை புதுமைகள் உங்களுக்கு எங்கிருந்து தோன்றுகின்றன?" என்பதே அது. குஷாய்குடாவில் என் வீட்டு முன்கூடத்தில் கடிதத் தாள்களும் உறைகளும் குறிப்பேடுகளும் அழைப்பிதழ்களும் கையாலேயே செய்து வரும் என்னிடமும் பலர் இதைக் கேட்டிருக்கின்றனர். சிரித்து மழுப்பிவிடுவது எளிது. ஆயினும், பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஆராய்ச்சியில் ஓரளவு பயன் உண்டு என்று தோன்றுவதால், நான் கண்டவற்றை எழுத முற்பட்டேன்.

கற்பனை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த நாள்களில் எனக்கு ஒன்றும் வந்ததில்லை. கத்தியையும் அளவுகோலையும் எடுத்து, தாளை மடித்து, ஊசியில் நூல் கோத்த பிறகே எண்ணம் ஓடத் தொடங்கும். அவ்வாறு தோன்றிய எண்ணங்களைப் பின்னர் நினைத்துப் பார்க்கும்போது, அவை மூன்று இடங்களிலிருந்து வந்திருப்பதைக் காண்கிறேன். முதலாவது, கையிலுள்ள பொருள். இரண்டாவது, அதைப் பயன்படுத்தும் மனிதர். மூன்றாவது, நாம் வாழும் ஊர்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்வேன். தாள் என்னும் நம் சொல்லையே பாருங்கள். நெல்லின் தண்டுக்கும் தாமரையின் தண்டுக்கும் தாள் என்று பெயர். எழுதும் ஏட்டுக்கும் அதுவே பெயர். காகிதம் என்பது பாரசீக வழி வந்த சொல். கடுதாசி போர்த்துக்கீசியரோடு வந்தது. சீன நாட்டில் கி.பி. 105-இல் சாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர், மரப்பட்டையையும் சணலையும் கந்தல் துணியையும் பழைய மீன்வலையையும் கூழாக்கித் தாள் செய்து அரசருக்குக் காட்டினார் என்பது வரலாறு. அன்று கண்ட முறை அடிப்படையில் இன்றும் மாறவில்லை. கந்தலைத் தரம் பிரித்துச் சிறு துண்டுகளாக வெட்டுகின்றனர். ஹாலந்தர் என்னும் தொட்டி இயந்திரத்தில் நீரோடு சுழலவிட்டு, இழை இழையாகப் பிரியும் வரை அரைக்கின்றனர். அக்கூழை நீரில் கரைத்து, வலை கட்டிய சட்டத்தால் அள்ளி மெல்ல அசைத்தால், நீர் வடிந்து இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் படலமாகப் படிகின்றன. அதைத் துணியின்மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, நீரைப் பிழிந்து, கொடியில் உலர்த்துகின்றனர். மை ஊறிப் பரவாமல் இருக்கப் பசை ஊட்டி, உருளைகளுக்கிடையே செலுத்தி மெருகேற்றுகின்றனர்.

இத்தாள் பெரும்பாலும் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் என்னும் அளவில் கிடைக்கிறது. இதை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால், ஏழரை அங்குல அகலமும் பதினோர் அங்குல நீளமும் உள்ள எட்டு இதழ்கள் கிடைக்கும். கைக்காகிதத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இராது. கரையைத் தொட்ட அலையைப்போல் சற்று நெளிந்திருக்கும். எட்டு இதழ்களில் மூலையிலிருந்து வந்த நான்குக்கு இவ்வோரம் இரு பக்கங்களில் அமையும்; மற்ற நான்குக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே அமையும். இந்த வேறுபாட்டைக் குறையாக எண்ணி நான்கு புறமும் வெட்டிச் சமப்படுத்துவோர் உண்டு. நான் இரண்டு ஓரம் உள்ளவற்றைக் கடிதத்தின் முதற்பக்கமாகவும், ஓர் ஓரம் உள்ளவற்றைத் தொடரும் பக்கமாகவும் வைத்தேன். வாங்கியவர்கள் அதை என் கற்பனை என்று பாராட்டினார்கள். உண்மையில் அது தாள் தானே சொல்லிக் கொடுத்த பாடம்.

இத்தொழிலை நினைக்கும்போது ஒரு தமிழரை நினையாதிருக்க இயலாது. 1892-இல் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்றவர். பெருவருவாய் தரும் தொழிலை விட்டுக் காந்தியடிகளோடு சேர்ந்தார். 1934-இல் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பை ஏற்று வார்தாவில் தங்கினார். நலிந்துகொண்டிருந்த கைக்காகிதத் தொழிலை எழுப்ப அச்சங்கம் எடுத்த முயற்சியில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. கடைசி ஆண்டுகளை மதுரையை அடுத்த கல்லுப்பட்டியில் கழித்து, 1960-இல் மறைந்தார். பின்னாளில் இராஜஸ்தானத்தின் சாங்கானேரில் அமைந்த தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயரையே இட்டனர். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் 1959-இல் தொடங்கிய கைக்காகிதச் சாலையும் தமிழ் மண்ணில் இத்தொழிலுக்குப் புகழ் தேடித் தந்தது. மராத்தி பேசும் மண்ணில் வாழ்ந்துகொண்டு, நாட்டுக்கெல்லாம் பயன்படும் ஒரு தொழிலுக்கு உயிரூட்டிய தஞ்சைத் தமிழரின் வாழ்க்கை, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஊக்கம் தருவதல்லவா?

இனி, பயன்படுத்துவோரைப் பற்றிச் சொல்வேன். கடையில் விற்கும் கோடிட்ட ஏடுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டு செய்தவை. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும், இகர ஈகாரக் கொக்கிகளும் வேண்டும். நெருக்கமான கோட்டில் குழந்தைகள் தமிழ் எழுதும்போது, மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்கின்றன. என்னிடம் தமிழ் கற்க வரும் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி, "புள்ளி வைக்க இடமே இல்லையே, அத்தை!" என்றாள். அன்று மாலையே இடைவெளியைச் சற்று அகலமாக்கி, தமிழுக்கென்று ஓர் ஏடு தைத்தேன். தெலுங்குத் தோழி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தம் மொழியில் ஒற்றெழுத்துகள் வரிக்குக் கீழே தொங்குவதால் தமக்குக் கீழ்ப்புறத்தில் இடம் வேண்டும் என்றார். அவருக்கு வேறோர் ஏடு உருவாயிற்று. பூவும் கொடியும் வரைவது மட்டும் அழகுக்கலை ஆகாது. எழுதும் கைக்கு இடம் விடுவதும் அழகுதான்.

நம் வீட்டு வழக்கங்களும் இவ்வாறே வழிகாட்டும். பிள்ளையார் சுழிக்கென்று தாளின் தலைப்பில் சிறிது இடம் விடுகிறேன். மங்கல அழைப்பிதழின் மூலையில் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். பசை ஊட்டாத தாளில் ஈர மஞ்சள் எழுத்துவரை பரவிவிடும். ஆகையால் நன்கு பசை ஊட்டிய தாளையே அழைப்பிதழுக்குத் தேர்ந்தெடுக்கிறேன். மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அணுகாது என்பது பழைய புத்தகக் கட்டுநர்கள் கைக்கொண்ட முறை. மொய் எழுதும் ஏடு பல ஆண்டு நிலைக்க வேண்டியதாகையால், அதற்கு இம்முறை ஏற்றது.

மூன்றாவதாக ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குஷாய்குடாவைப் பார்த்தவர்கள், இங்கே கலைக்கு இடம் ஏது என்று வியக்கலாம். 1967-இல் இந்திய மின்னணுக் கழகம் இப்பகுதியில் அமைந்தது. அணு எரிபொருள் வளாகம் அதனை அடுத்து எழுந்தது. தொழிற்பேட்டைகளும் பெருகின. பல மாநிலத்தாரும் பணியின் பொருட்டு வந்து குடியேறினர், நம்மவரும் வந்தனர். பேருந்துகளின் இரைச்சலும் பட்டறைகளின் ஓசையும் நாள் முழுதும் கேட்கும். ஆயினும் காகிதத்துக்கும் ஹைதராபாத்துக்கும் உள்ள உறவு பழையது. தௌலதாபாத்தை அடுத்த காகஸிபுரா என்னும் ஊர், கைக்காகிதம் செய்வோரால் பெயர் பெற்றது. அது 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. பழைய நகரத்துச் சத்தா பஜாரில் திருமண அழைப்பிதழ்க் கடைகள் வரிசையாக உள்ளன. உருது எழுத்தை நாணற்பேனாவால் அழகுற எழுதும் கலைஞர்கள் அங்கே பெயர் பெற்றிருந்தனர். கோட்டின் தடிப்பும் மெலிவும் எழுத்துக்கு எப்படி உயிர் தருகின்றன என்பதை அக்கடைத்தெருவில் நின்றே கற்றுக்கொள்ளலாம்.

புரட்டாசி மாத வாக்கில் தெலங்காணப் பெண்கள் ஒன்பது நாள் பதுகம்மா கொண்டாடுகின்றனர். வட்டம் வட்டமாகப் பூக்களைக் கோபுரம்போல் அடுக்கி, சுற்றிவந்து பாடி, இறுதியில் நீர்நிலையில் விடுகின்றனர். அப்பூக்களில் முதன்மையானது தங்கேடு. தெலங்காண மாநிலத்தின் மலரும் அதுவே. முதன்முறை அதைக் கூர்ந்து பார்த்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. அது நம் ஆவாரம்பூ! கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டும் அதே பூ. பெயர் மாறினாலும் செடி மாறவில்லை.

இந்த அறிவு ஒருமுறை பெரிதும் பயன்பட்டது. இப்பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண்ணுக்குத் திருமணம் உறுதியாயிற்று. மாப்பிள்ளை தெலுங்கு பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். சத்தியமங்கலத்தை அடுத்த சிற்றூரில் இருந்த பெண்ணின் பாட்டிக்கு அதில் மனக்குறை. "மொழி தெரியாத இடத்தில் எனக்கு என்ன வேலை?" என்று கூறி, திருமணத்துக்கு வருவதாகவே சொல்லவில்லை. பெண்ணின் தந்தை கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, அதைப்போலவே நூற்றைம்பது அழைப்பிதழ்கள் வேண்டும் என்றார். மேனாட்டு ரோசா மலர்கள். வாசகம் முழுதும் ஆங்கிலம்.

அந்த மாதத்தில் எனக்கு வந்த பெரிய வேலை அது ஒன்றே. அப்படியே செய்து கொடுத்திருந்தால் உழைப்பும் குறைவு, ஊதியமும் உறுதி. ஆனால் அழைப்பிதழ் என்பது அழைப்பதற்காக அல்லவா? வரவேண்டும் என்று வீட்டார் மிகவும் விரும்பிய ஒருவருக்குப் படிக்கவே இயலாத அழைப்பிதழை எப்படிச் செய்வது? "ஐயா, எனக்கு இரண்டு நாள் கொடுங்கள். பிடிக்காவிட்டால் தாங்கள் காட்டியதையே செய்து தருகிறேன்" என்றேன். அவர் அரைமனத்தோடு இசைந்தார்.

ஐந்து இதழ் கொண்ட ஆவாரம்பூவை ஒரு சிறு மரக்கட்டையில் செதுக்கினேன். தாளை மூன்றாக மடித்து, இடப்புறம் தமிழும் வலப்புறம் தெலுங்கும் நடுவில் ஆங்கிலமும் அமைத்து, மேலே இருபுறமும் மஞ்சள் நிறத்தில் அந்தப் பூவைப் பதித்தேன். தமிழ்ப் பக்கத்தில் அதன் கீழே 'ஆவாரம்' என்றும், தெலுங்குப் பக்கத்தில் 'தங்கேடு' என்றும் சிற்றெழுத்தில் குறித்தேன். தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மா, முதல் அழைப்பிதழ் என் தாயாருக்குப் போகட்டும்" என்று மட்டும் கூறினார்.

பாட்டி வந்தார். ஓர் அழைப்பிதழ்தான் அவரை அழைத்து வந்தது என்று நான் பெருமை கொள்ளமாட்டேன். பேத்தியின்மேல் இருந்த பாசமும் மகனின் வேண்டுகோளும் அதனினும் வலியவை. ஆயினும் திருமண வீட்டில் அவர் என்னை அருகில் அழைத்து, அழைப்பிதழை இரு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஏன் கண்ணு, இது காகிதமா, துணியா?" என்று கேட்டார். நான் வாங்கும் தாள் திருப்பூர்ப் பனியன் வெட்டுத்துணியை அரைத்துச் செய்தது என்று சொன்னேன். "அப்படியானால் எங்கள் பக்கத்துப் பஞ்சுதான்!" என்று அவர் மாப்பிள்ளையின் தாயாரிடம் அதை நீட்டினார். அந்த அம்மையார் பூவைச் சுட்டித் தம் மொழியில் ஏதோ சொன்னார். சொல் புரியாவிட்டாலும் பாட்டி தலையசைத்தார். இருவரும் அருகருகே அமர்ந்தனர்.

படங்களைப் பார்ப்பது தவறென்று நான் சொல்லவில்லை. சப்பானியர் தாள் மடிக்கும் நயத்தையும் ஐரோப்பியர் புத்தகம் கட்டும் திறத்தையும் கண்டு கற்க வேண்டியது மிகுதி. செய்முறையை எங்கிருந்தும் கற்கலாம். ஆனால் எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது என்பதை நம் வாசலில் நின்றுதான் கண்டுகொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், கற்பனை வறண்டுபோகும் என்னும் அச்சம் இல்லை.

நம் சங்கக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து முடிக்கிறேன். நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் எழுதத் தயங்குகின்றனர். மாதத்துக்கு ஒரு முறையாவது ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அவர்கள் கையால் ஒரு பக்கம் தமிழில் எழுதட்டும். விலையுயர்ந்த தாள் வேண்டியதில்லை. பழைய நாட்காட்டியின் பின்புறமே போதும். ஓரத்தில் அம்மா வாசலில் இடும் கோலத்தையோ, சன்னலில் தெரியும் மௌலாலிக் குன்றையோ குழந்தை தானே வரையட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி அச்சப்படுத்த வேண்டாம். முதலில் கடிதம் போய்ச் சேரட்டும். எதை எழுதுவது என்று குழந்தை கேட்டால், இன்று கண்டதை எழுது என்று சொல்லுங்கள். கற்பனைக்கு அதைவிட நல்ல தொடக்கத்தை நான் அறியேன்.