பிங் வந்துட்டா போதுமா?

இன்னிக்கு கொஞ்சம் நெட்வொர்க்கிங். பயந்து ஓடிடாதீங்க, எங்க திருத்தணி பஸ்ஸை வெச்சே ஆரம்பிக்கிறேன் :-)

ஆடிக் கிருத்திகை வந்தா எங்க ஊர்ல கூட்டம் தாங்காது. பஸ்ஸையெல்லாம் சுத்து வழியில திருப்பி விடுவாங்க. உள்ள தூங்கிக்கிட்டு வர்றவருக்கு ஒண்ணும் தெரியாது, ஊர் வந்து சேர்ந்துடும். நேர் ரோடு அடைச்சிருக்குன்னு கண்டக்டரைக் கேட்டாத்தான் தெரியும். டைனமிக் ரூட்டிங்கும் இப்படித்தான். ஸ்டாட்டிக்ல வழியை நாமளே எழுதி வெக்கணும். டைனமிக்ல சுவிட்ச்சுங்க தங்களுக்குள்ள பேசி வழி கண்டுபிடிச்சுக்கும். ஒரு வழி போனா இன்னொண்ணு.

லேப்ல மூணு லேயர் 3 சுவிட்ச்சை முக்கோணமா இணைச்சு திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர்னு பேர் வெச்சோம். ஓ.எஸ்.பி.எஃப். போடறது சுலபம். 'ஐபி ரூட்டிங்' கொடுக்கணும். போர்ட்ல 'நோ சுவிட்ச்போர்ட்' கொடுத்து ஐ.பி. முகவரி போடணும். அப்புறம் 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1', எல்லா நெட்வொர்க்கும் ஏரியா 0. திருத்தணியிலேர்ந்து திருவள்ளூர் சுவிட்ச்சுக்குப் பின்னாடி இருக்கற பி.சி.க்கு பிங் அடிச்சோம். அஞ்சுக்கு அஞ்சு! பசங்க பையைத் தூக்கிட்டாங்க.

'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' அடிச்சா கதையே வேற. அரக்கோணம் 'ஃபுல்'. திருவள்ளூர் மட்டும் 'எக்ஸ்ஸ்டார்ட்'ல நிக்குது, நகரவே மாட்டேங்குது.

காரணம் எம்.டி.யு. அந்த போர்ட்ல முன்னாடி யாரோ ஐ.பி. எம்.டி.யு.வை 1400 ஆக்கி விட்டிருந்தாங்க. எதிர்ப்பக்கம் 1500. பத்து நொடிக்கு ஒருதரம் போற ஹலோ ஒழுங்காப் போயிடும், அதனால பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியும். அடுத்து டேட்டாபேஸ் விவரம் மாத்திக்கும்போது ஒவ்வொண்ணும் தன் எம்.டி.யு.வையும் சொல்லும். தன்னோடதைவிடப் பெரிசா வந்தா அந்த பாக்கெட்டை ஏத்துக்காது. பேச்சு அங்கேயே நின்னுடும்.

அப்போ பிங் எப்படிப் போச்சு? அரக்கோணம் சுத்திக்கிட்டு! 'டிரேஸ்ரூட்' அடிச்சா ஒரு ஹாப் அதிகம். அரக்கோணம் கேபிளை உருவினதும் பிங் செத்துடுச்சு. படத்துல ரெண்டு வழி, நிஜத்துல ஒண்ணுதான்.

எனக்கு இதுதான் உறைச்சது. இன்னொரு வழி கண்டுபிடிக்கறதுதான் டைனமிக் ரூட்டிங்கோட பலம். அந்த பலமே கோளாறை மூடி மறைக்குது. லேப்ல பரவாயில்ல, ஆஸ்பத்திரியிலயோ பேங்க்லயோ இருந்தா? கேபிள் அறுபடற அன்னிக்குத்தான் தெரியும்.

இன்டர்நெட்டை இணைக்கற பி.ஜி.பி.யும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதை நம்பித்தான் ஓடுது. 2015 நவம்பர் 6-ம் தேதி பாரதி ஏர்டெல் நெட்வொர்க் (ஏ.எஸ். 9498) தன்னுது இல்லாத 16,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுப்புகளைத் தன்னுதுன்னு அறிவிச்சுது. சரிபார்க்காம அதை ஏத்துக்கிட்ட நெட்வொர்க்குகளும் இருந்துச்சு. இப்போ ஆர்.பி.கே.ஐ. வந்திருக்கு. எந்த முகவரியை யார் அறிவிக்கலாம்னு டிஜிட்டல் கையெழுத்தை வெச்சு பார்க்கலாம். ஆனா அதையும் ஒருத்தர் உட்கார்ந்து போட்டு வெச்சாத்தான் வேலை செய்யும்.

அதனால லேப் பரீட்சைக்குப் போற பசங்களுக்கு: நெய்பர் பாருங்க, 'ஷோ ஐபி ரூட்' பாருங்க, டிரேஸ்ரூட் அடிங்க. கடைசியா ஒவ்வொரு கேபிளா உருவிப் பாருங்க. மார்க்குக்காக மட்டும் இல்ல, நாளைக்கு அந்த சுவிட்ச்சை நம்பி யாரோ இருப்பாங்க.